பச்சை விளக்கை நம்பாதவள்

எங்கள் சோதனை அறையில் அவளுக்குப் பெயர் 'சந்தேக அக்கா'. தன் நிழலைக்கூட நம்ப மாட்டாள். பூட்டிய பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்ப்பாள். கணவர் தலைவலி என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை தருவாள். அவளோடு குடித்தனம் நடத்துகிற அந்த மனுஷனுக்குச் சிலை வைக்கலாம்.

அறையில் இரண்டு பீரோ அளவுக்கு ஒரு மெஷின். போர் விமானத்திலிருந்து கழற்றிய மின்னணுப் பெட்டியைக் கேபிளில் மாட்டிப் பொத்தானை அழுத்தினால், அதுவே சோதித்து, நன்றாக இருந்தால் பச்சை, கோளாறு என்றால் சிவப்பு காட்டும். பச்சையைப் பார்த்ததும் நாங்கள் டீ குடிக்கக் கிளம்பிவிடுவோம். அவள் மட்டும் மெஷினை முறைத்துக்கொண்டு நிற்பாள்.

அன்று உயரம் காட்டும் பெட்டி ஒன்று வந்தது. கண்டபடி காட்டுகிறது என்று ஒரு விமானி திருப்பி அனுப்பியது. மெஷின் பச்சை காட்டியது.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு, பைலட்டுக்குத்தான் கோளாறு. அனுப்பும்மா," என்றார் மேலாளர்.

"எனக்கென்னமோ சரியாப் படலை சார்."

"உனக்கு எதுதான் சரியாப் பட்டிருக்கு?"

அவள் பெட்டியிலிருந்து கேபிளைப் பிடுங்கினாள். எதையுமே மாட்டாமல் பொத்தானை அழுத்தினாள். பச்சை!

எங்கள் முகத்தில் ஈயாடவில்லை. அவள் மெஷினுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். மெஷின் தன்னைத்தானே சரிபார்க்கக் காலையில் செருகும் பிளக்கை யாரும் கழற்றவில்லை. அது இருக்கும்வரை மெஷின் அனுப்பும் சிக்னல் அதனிடமே திரும்பி வரும். தானே கேள்வி கேட்டு, தானே பதில் சொல்லி, தனக்கே மார்க் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

அக்காவின் முகம் வெளுத்தது. "காலையில இதே மாதிரிப் பெட்டி ஒண்ணு பாஸாச்சே... புகார் எதுவும் இல்லைன்னு நான்தானே அனுப்பினேன். அதைத் தம்பி விமானத்துல மாட்டியிருக்காங்க!"

அவளுடைய கூடப் பிறந்த தம்பி விமானி. மலையை ஒட்டித் தாழப் பறக்கும் பயிற்சிக்காக ஓடுபாதையில் நின்றிருந்தான். மேலாளர் போனை எடுப்பதற்குள் அவளே பிடுங்கிக் கத்தினாள். விமானத்தை நிறுத்திவிட்டார்கள்.

கழற்றிய பெட்டியோடு தம்பியும் வந்தான். "உன் சந்தேகத்துக்கு ஒரு அளவே இல்லையாக்கா? எல்லார் முன்னாடியும் மானம் போச்சு!"

அவள் பிளக்கை உருவிப் போட்டுவிட்டு, பெட்டியை மாட்டினாள். "நீயே அழுத்து."

அழுத்தினான். சிவப்பு. இருக்கும் உயரத்தைவிட அதிகமாகக் காட்டியது பெட்டி. மலை எங்கே வந்திருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னொரு தடவை அழுத்துடா," என்றாள் அக்கா. குரல் உடைந்தது. "சிவப்பையும் உடனே நம்பிடக் கூடாது."

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அவன் எழுந்து, அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, மறுபடி அழுத்தினான். சிவப்புதான்.