தலையணைக்குள் கொழுக்கட்டைப்புல்

கல்யாணமாகி நான் திருவண்ணாமலைக்கு வந்தபோது அம்மா வீட்டிலிருந்து ஒரு கிடாரிக் கன்றும் கூட வந்தது. எழுபதுகளின் கடைசி அது. இரண்டு வருஷத்தில் அது வளர்ந்து, ஈன்று, செங்கம் ரோட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டுக்குக் காலையும் மாலையும் பால் கொடுத்தது. என் பேச்சு எடுபடாத நாட்களில்கூட அந்த வீட்டில் என் மாட்டின் பால் எடுபட்டது. அதன்மேல் எனக்கு உயிர். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

என் வீட்டுக்காரர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வேர்க்கடலை போடும் குடும்பத்துப் பிள்ளை. டவுனில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தார். வீட்டின் பின்னால் எங்களுக்குக் கொஞ்சம் கல்லாங்காடு உண்டு, ஒன்றும் விளையாது. ஒரு வருஷம் மழை ரொம்பக் கம்மி. வைக்கோல் வண்டி தெருவுக்குள் வருவதே அபூர்வமாகிவிட்டது. மாட்டை விற்றுவிடலாம் என்று அவர் மெதுவாகப் பேச்சை எடுத்தார். நான் மலையைக் காட்டினேன்.

மலையடிவாரத்தில் எல்லாம் காய்ந்த பிறகும் கொழுக்கட்டைப்புல் நிற்கும். யாரும் விதைக்காதது. கல்லிடுக்கில் தூர் கட்டிக்கொண்டு அறுக்க அறுக்கத் துளிர்க்கும். ஒரு தடவை வேர் பிடித்துவிட்டால் பல வருஷத்துக்கு அதே தூர்தான். கதிர் அணில் வால் மாதிரி புசுபுசுவென்று இருக்கும். பச்சையாகப் போட்டாலும் காயவைத்துப் போட்டாலும் மாடு மிச்சம் வைக்காது. அதைக் கல்லாங்காட்டில் வளர்த்துக் காட்டுகிறேன், மாடு இருக்கட்டும் என்றேன். ஆடிக்குள் புல் வரவில்லையென்றால் மாடு போகும் என்றார். சரி என்றேன்.

மார்கழியில் மடி நிறையக் கதிர் உருவி வந்தேன். கடலை போடுகிறவர்களுக்கு விதை என்றால் புதுசாக இருக்க வேண்டும். ரொம்ப நாள் கிடந்த விதைக்கடலையைத் தொடக்கூட மாட்டார்கள். அதனால் உடனே விதைக்கச் சொன்னார், எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. காற்றில் பறக்காமலிருக்க ஈர மணலோடு பிசைந்து, கொத்திய மண்ணில் மேலாகத் தூவினேன். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். தை போயிற்று, மாசி போயிற்று, ஒன்றுகூட முளைக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, கல்லுக்குத் தண்ணி ஊற்றினால் கல்லு வளருமா என்று கேட்டுவிட்டுப் போவாள். எனக்கு எரிச்சலாக வரும்.

மிச்சமிருந்த விதையை எறிய மனசு வரவில்லை. பழைய உறையில் திணித்துத் தைத்து அவருக்குத் தலையணையாகக் கொடுத்தேன். லாட்ஜ் முழுக்கத் தலையணை இருந்தும் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனுஷன். காதில் குத்துகிறது, கழுத்தில் குத்துகிறது என்று தினமும் முனகிக்கொண்டே அதில்தான் படுத்தார்.

ஆனி மாசம் உறையின் எண்ணெய்ப் பிசுக்கு தாங்காமல் பிரித்துத் துவைத்தேன். விதையைப் பாயில் கொட்டிக் காயவைத்தபோது காற்றில் கொஞ்சம் பறந்தது. மிச்சத்தைத் திரும்ப அடைத்துத் தைத்துவிட்டேன். அதோடு அதை மறந்தும் போனேன்.

ஆடி நெருங்கியதும் அவர் மாட்டுத் தரகரை வரச் சொல்லிவிட்டார். மாடு விலா எலும்பு தெரிய நின்றது, அவரையும் குறை சொல்ல முடியாது. தரகர் வந்தது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வீட்டு மாட்டை அவிழ்த்துக் கொடுக்கிற வழக்கமில்லை, நாளைக்கு வாங்க என்று நான்தான் திருப்பி அனுப்பினேன். ஒரு நாளாவது கிடைத்தது.

அன்று சாயங்காலம், கடைசியாக ஒரு தடவை குளிப்பாட்டலாம் என்று துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மாட்டைக் கட்டினேன். அழுதுகொண்டே தண்ணீர் மொண்டு ஊற்றினேன். மாடு தலையைக் குனிந்து தரையில் எதையோ கடித்தது. பார்த்தால், கல்லைச் சுற்றியிருந்த ஈரத்தில் ஊசி ஊசியாகப் பச்சை. கயிற்றைப் பிடித்து மாட்டை இழுத்துவிட்டு, உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டேன்.

அருகம்புல்லாக இருக்கும் என்றார். ஒன்றைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தேன். வேரடியில் விதையின் புசுபுசுக் கூடு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தடவிப் பார்த்தார். இத்தனை மாசமாகக் காதில் குத்தியது எது என்று அவருக்கா தெரியாது? உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் தலையணை இருந்தது.

மறுநாள் வந்த தரகரிடம், "மாடு இருக்கட்டும்ங்க" என்றார்.

ஆடியில் பெய்த முதல் மழைக்குத் தலையணை முழுக்கக் கல்லாங்காட்டில் இறங்கியது. புல் வருகிறவரைக்கும் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் மேலே கடலைக்கொடிக் கட்டு ஏற்றிக்கொண்டு வந்தார். ஐப்பசியில் முதல் அறுப்பு அறுத்தோம். இந்தப் புல்லின் விதை பறித்ததும் முளைக்காது, சில மாசம் சும்மா கிடந்தால்தான் முளைக்கும் என்பது அப்புறம்தான் எங்களுக்குப் புரிந்தது. மாடு தேறி, அந்த விலா எலும்பெல்லாம் மறைந்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. வேலிக்கு மேலே எட்டிப் பார்த்த அக்கா, தன் வீட்டுக்கும் இரண்டு தூர் பிரித்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனாள்.

அவர் மட்டும் பழைய வேட்டியை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டிருந்தார். மார்கழியில் எங்கள் புல்லிலேயே கதிர் முற்றியது. நான் உருவிக்கொண்டிருந்தபோது, அந்தக் காலித் தலையணை உறையோடு வந்து என் முன்னால் நின்றார்.

"இதுல அடைச்சிக் குடு. ஆடி வரைக்கும் நான் படுத்துக்கறேன்."