மகளின் கைக்கேற்ற கைத்துப்பாக்கி

2007ஆம் ஆண்டு, தை மாதக் கடைசி. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில், என் மகள் தனியாக இருந்த ஓர் அறை வீட்டின் வாசலில் நடந்தது இது. வேறு யாராவது சொல்லியிருந்தால், ஒரு தாய் இப்படியும் செய்வாளா என்று நானே கேட்டிருப்பேன்.

எங்கள் வீடு கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம் தள்ளி, ஒரு சிறு நகரத்தில் இருக்கிறது. மகள் கணிதம் படிப்பதற்காகக் கார்ல்ஸ்ரூஹேக்குப் போனாள். அவளுக்குச் சிறு வயதிலிருந்தே மூட்டுவாதம். போத்தல் மூடி திறக்க முடியாது. எதையாவது இறுக்கிப் பிடித்தால் சில நேரம் விரல்கள் மடிந்தபடியே பூட்டிக்கொள்ளும். பிறகு உள்ளங்கையை மெதுவாகத் தடவித்தான் எடுத்துவிட வேண்டும். இந்தக் கையோடு தனியாக எப்படி இருப்பாள் என்று நான் கேட்காத நாளில்லை. அவளோ கத்தரிக்கோலுக்கு ஒரு வழி, பூட்டுக்கு ஒரு வழி என்று எல்லாவற்றுக்கும் ஏதாவது கண்டுபிடித்துச் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு முந்தைய இலையுதிர்காலத்தில் ஒரு நாள், டிராமில் இருந்து அவளோடு இறங்கிய ஒருவன் தெருக்கதவு வரைக்கும் பின்னால் வந்திருக்கிறான். அவள் உள்ளே போன பிறகும் வெளியில் நின்று எல்லா வீட்டு மணிகளையும் மாறி மாறி அழுத்தியிருக்கிறான். இதைத் தொலைபேசியில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். “பாவம் அம்மா, குளிருக்கை நிண்டு எல்லாற்றை பெல்லையும் அடிச்சுக் களைச்சுப் போனார்” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து காலையும் மத்தியானமும் இரவும் அழைப்பேன். “கதவு பூட்டினியோ? பின்னாலை ஆரும் வந்தவையோ? ஆர் மணி அடிச்சாலும் திறக்காதை.” முதலில் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். எனக்கு அது நல்ல அடையாளமாகப் பட்டது. பிள்ளை இப்போதுதான் கவனமாக இருக்கிறாள் என்று நினைத்தேன்.

என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஒரு ஜெர்மன் பெண்தான் ஒரு வகைத் துப்பாக்கியைப் பற்றிச் சொன்னாள். அதில் குண்டு இல்லை. பெரிய சத்தமும் மிளகாய்ப்பொடி போல எரியும் வாயுவும்தான் வரும். பதினெட்டு வயது தாண்டியவர்கள் வாங்கி வீட்டுக்குள் வைத்திருக்கலாம், வெளியில் கொண்டு திரிவதற்குத்தான் அனுமதி வேண்டும் என்றாள். அன்று பின்னேரமே இவரிடம், என் கணவரிடம், சொன்னேன். இவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“இஞ்சரும், ஊர்ச் சண்டைக்குத் தப்பி, துவக்குச் சத்தம் கேக்காத இடம் தேடி வந்தனாங்கள். இப்ப நீர் கடையிலை போய் அதை வாங்கிக் குடுக்கப் போறீரோ?”

“இது உண்மைத் துவக்கு இல்லையெண்டு சொல்லுறன்.”

“கள்ளனுக்கு அது தெரியாது எண்டுதானே வாங்கப் போறீர்? அப்ப மற்றவைக்கும் தெரியாது.”

அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு அன்றைக்கு ஏறவில்லை. அவர் கடைக்கு வர மறுத்துவிட்டார். நான் மகளைக் கெஞ்சி, கோபித்து, கடைசியில் அழுது, என்னோடு கூட்டிக்கொண்டு போனேன்.

வேட்டைக்காரர்களுக்கான உடுப்புகளும் கத்திகளும் விற்கும் கடை அது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவற்றில் மிகச் சிறியதைக் காட்டினேன். என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் போல இருந்தது. பலவீனமான கைக்குச் சிறியதுதானே சுலபம்? கடைக்காரர் மகளின் கைகளைப் பார்த்தார். பிறகு அதை எடுத்து அவளிடம் கொடுத்தார். மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்துவிட்டால்தான் அது சுடும். அவளால் ஒரு நூல் அளவுகூட இழுக்க முடியவில்லை. சிறியதாக இருப்பதால் பிடிப்பதற்கே இடமில்லை. உள்ளே இருக்கும் சுருள்வில்லும் மிகவும் இறுக்கம் என்றார் கடைக்காரர். கொஞ்சம் பெரியதைக் கொடுத்தார். அதைப் பாதி வரைக்கும் இழுத்தாள்; வலியில் கண்கள் சுருங்கின.

“கள்ளன் வந்தா, கொஞ்சம் இருங்கோ, அம்மா வரட்டும், அவதான் இழுத்துத் தருவா எண்டு சொல்லவோ?” என்றாள் என்னிடம். நான் முறைத்தேன்.

பிறகு ஒரு சிறு ரிவால்வரை வெளியில் எடுத்தார். அதில் இழுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் விசை கனம். அவளுடைய சுட்டுவிரலுக்கு அது அசையவில்லை. பின்னால் இருக்கும் சிறு கொக்கியைப் பெருவிரலால் கீழே மடக்கிவிட்டால் விசை இலேசாகிவிடும் என்று காட்டினார். மகள் இரண்டு பெருவிரல்களையும் சேர்த்து மடக்கினாள். டக்கென்று நின்றது. விசையைத் தொட்டாள். தொட்டதுமே கொக்கி விழுந்தது. என் நெஞ்சில் இருந்த பாரமும் அதோடு விழுந்த மாதிரி இருந்தது. கடைக்காரர் கையை உயர்த்தி, மடக்கி வைத்திருக்கும்போது அது மூச்சுப் பட்டாலும் வெடிக்கும், அதோடு வீட்டுக்குள் நடமாடக் கூடாது, முகத்துக்குக் கிட்டப் பிடித்தால் கண் போய்விடும் என்று நிதானமாக விளக்கினார். மகள் ஒவ்வொரு சொல்லையும் கவனித்தாள். என் காதில் விழுந்தது ஒன்றுதான்: சுலபம். இதுதான் வேண்டும் என்றேன்.

அவளுடைய அறைக்குத் திரும்பி, வாயுத் தோட்டாக்களை நானே போட்டேன். அவளால் அவற்றை அழுத்திப் போட முடியாது. அதனால் எப்போதும் போட்டே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். கட்டிலுக்குப் பக்கத்து இழுப்பறையில் வைத்தேன். அதற்கு முன், தோட்டா போடாமல் அவளைப் பலமுறை மடக்கிப் பார்க்க வைத்தேன். “போதும் அம்மா, கை நோகுது” என்றாள். “இன்னும் ஒருக்கா” என்றேன்.

அதற்குப் பிறகு நான் நிம்மதியாக இருந்தேனா என்றால், இல்லை. இழுப்பறையில்தான் இருக்கிறதா, எடுத்துப் பார்த்தாயா, கை எட்டுகிறதா என்று கேட்பதற்கு இன்னும் நாலு கேள்விகள் கூடின. அவ்வளவுதான்.

அந்தத் தை மாத வியாழக்கிழமை எனக்கு வேலை இல்லை. இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு எல்லாம் செய்து, டப்பாக்களில் அடைத்து, ரயில் ஏறிவிட்டேன். அவள் வகுப்பில் இருப்பாள். சாப்பாட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தால் பின்னேரம் பார்த்துச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. எங்கள் ஆட்களில் எவர் பிள்ளையின் வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் போகிறார்? அவசரத்துக்கு என்று அவள் தந்த சாவியும் என்னிடம் இருந்தது. மணி அடிக்கவில்லை. யாரும் இல்லாத வீட்டுக்கு எதற்கு மணி?

இரண்டு கைகளிலும் பைகள். பனித்தொப்பியோடு சேர்ந்த கறுப்புக் கோட்டு. சாவியைத் திருப்புவதற்காக ஒரு கையுறையைப் பல்லால் கடித்து இழுத்து, அப்படியே வாயில் வைத்துக்கொண்டு கதவைத் தோளால் தள்ளித் திறந்தேன். உள்ளே யன்னல் இல்லாத குறுகிய நடை. இருட்டு. அந்த இருட்டின் மறுமுனையிலிருந்து, யாரது என்று டொச் மொழியில், அதாவது ஜெர்மனில், ஒரு குரல் கேட்டது. மகளின் குரல்தான், ஆனால் நான் ஒருநாளும் கேட்டிராத குரல். அன்று கைவலி அதிகமாகி அவள் வகுப்புக்குப் போகாமல் படுத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. பூட்டில் சாவி உரசும் சத்தத்தில் எழும்பியிருக்கிறாள். நான் பதில் சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தேன். கையுறை. பைகளை விட்டுவிட்டு அதை எடுப்பதற்குள் மறுபடியும், யாரது.

பிறகு வெடித்தது.

அந்தச் சிறிய இடத்தில் அது எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. வெளிச்சம்தான் முதலில் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அடுத்த கணம் கண்ணும் தொண்டையும் தீப்பிடித்த மாதிரி எரிந்தன. “அம்மா” என்று நான்தான் கத்தினேன். என் தாயைக் கூப்பிட்டேனா, நான் அம்மா என்று சொன்னேனா, தெரியாது. அவளுக்கு விளங்கிவிட்டது. இருவரும் தட்டுத்தடுமாறிப் படிக்கட்டுக்கு வந்து, இருமி, வாந்தியெடுத்து, சுவரோடு சாய்ந்து கிடந்தோம். நாலு எட்டு வைக்கும் தூரம் இருந்ததால் என் கண்கள் தப்பின. கதவைத் திறந்ததும் வழக்கம் போல விறுவிறுவென்று உள்ளே போயிருந்தால் தப்பியிருக்காது.

கீழ்வீட்டுக்காரர் சத்தம் கேட்டதும் பொலிசுக்கு அறிவித்துவிட்டார். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் படியேறி வந்தார்கள். எங்களைக் கண்டதும் அவர்களுடைய துப்பாக்கிகள் வெளியில் வந்தன. ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். மகள் இன்னும் ரிவால்வரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆயுதத்தைக் கீழே போடு என்று அந்த ஆண் கத்தினார். அவள் போடவில்லை. இரண்டாம் தடவையும் கத்தினார். அவள் அழுதுகொண்டே தன் கையைப் பார்த்தாள். விரல்கள் பூட்டிக்கொண்டுவிட்டன. பிடித்த பிடி பிடித்தபடி, சுட்டுவிரல் விசைக்குள்ளேயே இருந்தது.

இருபது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு டொச் சொல்லும் வாயில் வரவில்லை. தமிழில் ஏதோ சொல்லிக்கொண்டு அவளுக்கு முன்னால் போய் நின்றேன். விலகச் சொல்லிக் கத்தினார்கள். விலகவில்லை. என் முதுகுக்குப் பின்னால் இருந்து மகள்தான் பேசினாள். இது வெற்றுச் சத்தத் துப்பாக்கி, இவர் என் அம்மா, எனக்கு மூட்டுவாதம், கையைத் திறக்க முடியவில்லை என்று ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அந்தப் பெண் பொலிஸ், முழங்கையைச் சுவரோடு வை, துப்பாக்கிக் குழாய் நிலத்தைப் பார்க்கட்டும், அசையாதே என்றார். அவள் அப்படியே செய்தாள். அவர் பக்கவாட்டில் வந்து, குழாயைப் பிடித்துக்கொண்டு விரல்களை இழுத்தார். மகள் வலியில் அலறினாள்.

“அப்பிடி இல்லை, அப்பிடி இல்லை” என்றேன். எந்த மொழியில் சொன்னேனோ, அந்தப் பெண் என்னைப் பார்த்தார். பிறகு, நீங்கள் செய்யுங்கள் என்றார்.

முழங்காலில் உட்கார்ந்தேன். எரியும் கண்களால் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. விசைக்குள் இருந்த விரலைத்தான் முதலில் எடுக்க வேண்டும். கொக்கி மடங்காதபோது விசை கனம்தான் என்பது அப்போது என் நினைவில் வரவில்லை; இலேசாக வேண்டும் என்று நான் கேட்டு வாங்கியது அது. இன்னும் தோட்டாக்கள் உள்ளே இருந்தன, நான் போட்டவை. உள்ளங்கையில் விரல் தொடங்கும் இடத்தை மெதுவாக அழுத்தித் தடவினேன். “விடு பிள்ளை. இறுக்காதை. விடு.”

“நான் இறுக்கேல்லை அம்மா. அதுவா விடுகுதில்லை.”

டிக் என்று ஒரு சிறு அசைவு. விரல் நிமிர்ந்தது. அதற்குப் பிறகு மற்ற விரல்கள், ஒவ்வொன்றாக. கடைசி விரல் விட்டதும் அந்தப் பெண் ரிவால்வரை எடுத்துக்கொண்டார். அந்த ஆண் அப்போதுதான் தன் துப்பாக்கியை உறையில் வைத்தார். அவருடைய முகத்தைப் பார்த்தேன். மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம், அவ்வளவுதான்.

விசாரித்தார்கள், எழுதினார்கள். வீட்டுக்குள் வைத்திருந்ததில் குற்றம் இல்லை என்றார்கள். ரிவால்வரைக் கொண்டுபோனார்கள், திரும்பிக் கேட்க மாட்டேன் என்று நானே சொல்லிவிட்டேன். போகும்போது அந்த ஆண், வெளியில் நிற்பவருக்கு அது உண்மையா பொய்யா என்று தெரியாது, அவள் கையைக் கொஞ்சம் உயர்த்தியிருந்தால் நான் சுட்டிருப்பேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் காதில் நிற்கிறது.

எல்லா யன்னல்களையும் திறந்துவிட்டு, கோட்டுகளோடு உட்கார்ந்து, ஆறிப்போன இடியப்பத்தைச் சாப்பிட்டோம். அவளால் பிசைய முடியவில்லை, நான் ஊட்டினேன். ஊருக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்று கேட்பேன் என்று அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

“நான் வரேல்லை அம்மா. நாளைக்கு வகுப்பு இருக்கு. நீங்களும் இனி வாறதெண்டா, சொல்லிப்போட்டு வாங்கோ.”

“பெத்த பிள்ளையைப் பாக்கவும் டாக்குத்தரிட்டைப் போற மாதிரி டெர்மின் எடுக்கோணுமோ?”

“ஓம். எடுக்கோணும்” என்றாள். கொஞ்சம் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது.

பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “எனக்கு அந்த ஆளிலை அப்ப பயமில்லை அம்மா. பிறகுதான் பயம் வந்தது. ஒவ்வொரு நாளும் ஃபோன் வைச்ச பிறகு.”

தட்டை எடுத்துப் போய்க் கழுவினேன். பின்னேர ரயிலில் தனியாகத் திரும்பி வந்தேன். வந்து சேர்ந்ததும் அழைக்க வேண்டும் போலிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் சொன்னேனே என்று ஒரு சொல் சொல்லவில்லை.

அவள் இப்போதும் அங்கேதான் படிக்கிறாள். நான் இப்போதும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் வாரத்துக்கு இரண்டு தடவைதான் பேசுகிறேன், அதுவும் சாப்பாட்டைப் பற்றி, பாடத்தைப் பற்றி. குழாய் என்னை நோக்கி இருந்தது எனக்கு அதிகம் ஞாபகம் வருவதில்லை. அந்த ஒரு நொடி வெளிச்சத்தில் தெரிந்த என் பிள்ளையின் முகம்தான் வருகிறது, அதில் இருந்த பயத்தை நாள் தவறாமல் அவளுக்கு ஊட்டியது யார் என்று எனக்குத் தெரியும் என்பதால், இன்றுவரை அந்த முகத்தை என்னால் நிம்மதியாகக் கடந்துபோக முடியவில்லை.