மேற்குப் பார்த்த ஜன்னல்

கொழும்புக்கு இடமாற்றம் கிடைத்தபோது எங்கள் ஊரில் எனக்குப் புத்தி சொல்லாத ஆளே இல்லை. தண்ணீர் நிறையக் குடி, பருத்தித் துணி உடுத்து, உச்சி வெயிலில் வெளியே போகாதே. நுவரெலியாப் பக்கம் பனியிலேயே பிறந்து வளர்ந்த சனங்கள் வெயிலைப் பற்றி எங்கேதான் இவ்வளவு படித்தார்களோ! அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கம்பளிச் சுவெட்டரோடு பஸ் ஏறியவள், அவிசாவளை தாண்டிய பிறகுதான் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மாடியில் இரண்டு அறைகள் கிடைத்தன. கீழே வீட்டுக்கார அன்ரி, யாழ்ப்பாணத்துக்காரர், தனியாக இருந்தார். மேலே அம்மாவும் நானும். அப்பா போய் வெகுகாலம். எனக்கு வந்த இரண்டு மூன்று மாப்பிள்ளைகளை என் வாயே விரட்டிவிட்டது.

வந்த அன்றே அம்மா ஊர் வீட்டில் இருந்தது போலவே எல்லாவற்றையும் அடுக்கினாள். சாமிப் படம் கிழக்கு மூலையில். அரிசி வாளி அடுப்புக்குப் பக்கத்தில். பதினைந்து வருடமாகப் போட்டுவரும் இன்சுலின் போத்தல், அதன் சின்ன அட்டைப் பெட்டியோடு, ஜன்னல் கட்டையில். வீட்டோடு ஒரு ஃப்ரிட்ஜும் வந்திருந்தது. எங்கள் வாழ்க்கையில் முதல் ஃப்ரிட்ஜ். அதை நான் தண்ணீர்ப் போத்தல்களால் நிரப்பினேன்.

வெயில் என்றால் வியர்க்கும் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு வந்தது கோபம். பாடசாலைக்குப் போய்ச் சேருவதற்குள் சேலை முதுகோடு ஒட்டிவிடும். பிள்ளைகள் வாயைத் திறந்தால் எரிந்து விழுந்தேன். பஸ்ஸில் இடித்தவனோடு சண்டை, மீன்காரனோடு சண்டை. வீட்டுக்கு வந்தால் அம்மாவோடு.

அம்மா தண்ணீர் குடிக்கத் தொடங்கியிருந்தாள். மடக்கு மடக்காக, செம்பு செம்பாக. குடித்த கையோடு குளியலறைக்குப் போவாள். மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். ரவிக்கை தோளில் தொளதொளவென்று தொங்கியது.

"கொழும்புக்கு வந்தா எல்லாருக்கும் உப்பிடித்தான்" என்றார் அன்ரி. "நல்லாத் தண்ணியைக் குடியுங்கோ. பழகீடும்."

"வெயிலு என்னய உருக்குது புள்ள" என்று அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். தாகமா, வெயில். சோர்வா, வெயில். இளைத்துப் போனாளா, அதற்கும் வெயில்தான். சீனி வியாதிக்காரிக்கு இவை வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கொழும்பே தாகத்தில் இருந்தபோது எனக்கு அது தோன்றவில்லை.

பிறகு அந்தக் குதிகால். ஒரு மதியம் அம்மா வெறுங்காலோடு மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனாள். எங்கள் ஊரில் சிமெந்துத் தரை காலைச் சில்லிட வைக்கும். இங்கே அது தோசைக்கல். வலது குதிகாலில் கொப்புளம் எழும்பி, உடைந்து, புண்ணானது. பத்து நாளாகியும் ஆறவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த, சீனி பார்க்கும் மெஷினைத் தேடியெடுத்து அம்மாவின் விரலில் குத்திப் பார்த்தேன். முன்னூறைத் தாண்டி நின்றது. ஊரில் நூற்று நாற்பது, மிஞ்சினால் நூற்று ஐம்பது. மெஷின் பழுதோ என்று என் விரலையும் குத்தினேன். எனக்குத் தொண்ணூற்றெட்டு காட்டியது.

அம்மாவின் அக்காவுக்கும் இப்படி ஒரு சின்னப் புண்ணில்தான் தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். சின்ன வயதில் பெரியம்மாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் சேலையின் ஒரு பக்கம் தட்டையாகக் கிடக்கும். அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்தே பார்ப்பேன். இப்போது அம்மா உட்காரும்போதெல்லாம் என் கண் அவள் சேலைக்குக் கீழே போனது.

காலி வீதியில் ஒரு டொக்டரிடம் கூட்டிப் போனேன். ஊசியின் அளவைக் கூட்டினார். "சாப்பாட்டைப் பாருங்க டீச்சர். எங்கயோ இனிப்புப் போகுது" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும். அன்றிலிருந்து நான் பொலிஸ்காரி ஆனேன்.

சோற்றைக் கோப்பையால் அளந்தேன். அம்மா குடித்து வைத்த தேத்தண்ணிக் கோப்பையை முகர்ந்து பார்த்தேன். காலையும் மாலையும் அவள் ஊசியை நானே போட்டேன். போத்தலை உள்ளங்கையில் உருட்டி, ஊசியில் இழுத்து, வயிற்றில் குத்தி. சீனி இறங்கவில்லை. அப்படியானால் எங்கே தின்கிறாள்? மதியத்தில் நான் பாடசாலையில் இருக்கும்போது கீழே போய் அன்ரியோடு டீவி நாடகம் பார்ப்பது அவள் வழக்கம். அன்ரி வீட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இனிப்பு, பயத்தம் பணியாரம், டின் டின்னாக இருக்கும்.

ஒரு நாள் ஆணியில் தொங்கிய அம்மாவின் துணிப்பைக்குள் கையை விட்டேன். பேப்பரில் சுற்றி இரண்டு பணியாரம்.

"இது என்னாம்மா?"

"ஒனக்குத்தான் புள்ள. அந்தம்மா குடுத்தாங்க. நான் தொடல."

"எனக்குன்னா மேசையில வைக்க வேண்டியதுதான? ஏன் ஒளிச்ச?"

"ஒளிக்கலடி. எறும்பு மொய்க்குதேன்னு தொங்கவுட்டேன்."

நான் நம்பவில்லை. வந்த வேகத்தில் கீழே இறங்கி அன்ரியின் கதவைத் தட்டினேன்.

"ஐயோ பிள்ளை, உங்களுக்கெண்டுதான் குடுத்துவிட்டனான்" என்றார் அவர். "அம்மா இஞ்ச ஒரு துண்டும் வாயில வைக்கேல்லை. சத்தியமா."

இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்று நினைத்தேன். இனிமேல் கீழே போகக் கூடாது என்று அம்மாவுக்குத் தடை போட்டேன். கீழே அன்ரியின் கூடம் குளிர்ச்சியாக இருக்கும். மாடியில் மதியம் திரும்பினால் கடல் பக்கத்து வெயில் நேரே அறைக்குள் வந்துவிடும். அந்த வெக்கைக்குள் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். என் தாயை நான்தான் அங்கே உட்காரவைத்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை குத்திப் பார்த்தால் முன்னூற்று அறுபது. புண்ணின் ஓரம் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. இரண்டு வாரமாக எனக்குச் சரியான தூக்கமில்லை. கண்ணை மூடினால் பெரியம்மாவின் சேலை. மெஷினைத் தரையில் போட்டுவிட்டு நானும் தரையில் உட்கார்ந்து கத்தினேன்.

"கால எடுத்துருவாங்கம்மா! ஒத்தக் காலோட ஒன்ன நான் எப்புடிப் பாப்பேன்? திங்கிறியா இல்லியா, உண்மையச் சொல்லு! எனக்குப் பைத்தியம் புடிக்குது!"

அம்மா கட்டிலில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா புள்ள. நான்தான் தின்னேன்."

"எத்தன?"

"நாலஞ்சு இருக்கும். இனிமே திங்க மாட்டேன். அழாத."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காரணம் தெரிந்துவிட்டது. தெரிந்ததை நிறுத்திவிடலாம். நிறையத் திட்டினேன், நன்றாகச் சாப்பிட்டேன், ஃபேனுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்துவிட்டேன்.

அடுத்த வாரமும் சீனி இறங்கவில்லை. "இன்னும் திருடித் திங்கிறியா?" என்று கேட்டேன். அம்மா "இல்ல" என்றாள். புண்ணின் ஓரம் கறுத்திருந்தது. லீவு போட்டுவிட்டு, மருந்து, மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பைக்குள் அள்ளிப் போட்டு, ஆட்டோவில் களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே இருந்த தாதி சிங்களத்தில் கேட்டார், நான் சிங்களத்தில் பதில் சொன்னேன். அம்மாவுக்கு அந்தப் பாஷை பத்துச் சொல்லுக்கு மேல் தெரியாது. திருட்டுத்தனமாக இனிப்புத் தின்கிறாள் என்று அவள் முன்னாலேயே முறையிட்டேன். தாதி பையைக் கிளறி இன்சுலின் போத்தலை எடுத்தார். உள்ளங்கையில் உருட்டி வெளிச்சத்தில் பிடித்தார். பால் போல ஒரே சீராகக் கலங்க வேண்டிய மருந்து, கட்டி கட்டியாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"இதை எங்கே வைக்கிறீர்கள்?"

"ஜன்னலில்."

"எந்தப் பக்கத்து ஜன்னல்?"

"கடல் பக்கம்."

அவர் போத்தலை மெதுவாக மேசையில் வைத்தார். என்னைச் சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் ஊர் வீட்டில் ஜன்னல் கட்டைதான் இருப்பதிலேயே குளிரான இடம். ஒரு தடவை பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்து மருந்து ஐஸாக உறைந்துபோக, எங்கள் ஊர்க் கிளினிக்கில் ஏசிவிட்டு, இந்தக் குளிருக்கு ஃப்ரிட்ஜே வேண்டாம், ஜன்னலோரம் போதும் என்று சொல்லியிருந்தார்கள். பதினைந்து வருடம் அது சரியாகவே இருந்தது. இந்த ஜன்னலில் மதியம் இரண்டு மணியிலிருந்து பொழுது சாயும் வரை வெயில். ஃப்ரிட்ஜுக்குள் என் தண்ணீர்ப் போத்தல்கள் ஜில்லென்று இருந்தன. அந்தக் கட்டிகளை நானும் பார்த்தேன். சரியாகக் கலங்கவில்லை என்று இன்னும் நாலு தரம் உருட்டிப் போட்டேன். தினம் இரண்டு வேளை என் கையால் ஏற்றியது செத்துப்போன மருந்து.

"என்னா சொல்றாங்க?" என்று அம்மா கேட்டாள்.

மொழிபெயர்த்துச் சொல்ல அங்கே என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

"மருந்து வெயில்ல கெட்டுப்போச்சாம், அம்மா. அதான் சீனி எறங்கல. சாப்பாட்டுல ஒண்ணுமில்லியாம்."

"சரி" என்றாள் அம்மா.

ஒரு வாரம் ஆஸ்பத்திரி வாட்டில் வைத்திருந்தார்கள். புதிய மருந்து போட்டதும் சீனி இறங்கியது. புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்து கட்டினார்கள். கால் தப்பியது. வீட்டுக்குப் போகும் ஆட்டோவில், மடியில் ஐஸ் பைக்குள் புதுப் போத்தலைப் பிடித்துக்கொண்டு, அந்த வாரம் முழுக்கக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"நீ திங்கவே இல்லியே. அப்பறம் ஏன் தின்னேன்னு சொன்ன?"

அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டுப்போட்ட கால் என் காலை ஒட்டி நீட்டியிருந்தது.

"நீ ரொம்பப் பயந்து போயிருந்த புள்ள. ரெண்டு வாரமாத் தூங்கல. காரணம்னு ஒண்ணு கெடைச்சா செத்த நேரமாவது நீ கண்ண மூடுவன்னு பாத்தேன்."

"அதுக்காக?"

"தூங்குனியே" என்றாள்.

ஆமாம். தூங்கினேன். அந்தச் சனிக்கிழமை மதியம், தின்னாததைத் தின்றேன் என்று சொன்ன அம்மா பக்கத்தில் விழித்திருக்க, நான் குறட்டை விட்டுத் தூங்கினேன்.