எதிர் சீட்டின் கடைசி வரி

அலுவலகத்தில் அவளுக்குக் கர்னல் என்று பெயர். பட்டாளத்துக்கும் அவளுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கம்ப்யூட்டரின் அடிமடியில் உட்கார்ந்துகொண்டு, யார் எப்போது ஓடலாம், யாருக்கு எவ்வளவு இடம் என்று பங்குபோட்டுக் கொடுக்கிற பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். அதில் கைவைக்கத் தெரிந்தவள் இப்போது அங்கே அவள் ஒருத்திதான். கெர்னல் மேடம் என்று தொடங்கியது தேய்ந்து தேய்ந்து கர்னல் ஆகிவிட்டது. வாசல் காவலர் விறைப்பாக நின்று சல்யூட்டே அடிப்பார். முதலில் கூச்சமாக இருந்தது. இப்போதெல்லாம் சில நாள்களில் அந்த சல்யூட்டோடு அவளுக்கான மனிதப் பேச்சு முடிந்துபோகிறது.

நாற்பதைத் தாண்டியவள். தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழே மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே தையற்காரர் நேராகத் தைக்கிறாரா, காலர் வளைக்கிறாரா என்று சொல்லிவிடுவாள். அவரோடு பேசியது என்னவோ வாடகைக்கு வந்த புதிதில் ஒரு முறைதான்.

அலுவலகம் பஸ்களுக்குப் பெட்டி செய்கிறது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் திருகி வைத்திருக்கும் சாம்பல் நிறப் பெட்டி. பஸ் எங்கே வருகிறது என்று, உள்ளே இருக்கும் ரேடியோ வழியாக, நிறுத்தத்தில் நிற்பவர்களுக்குச் சொல்வது அதுதான். சில மாதங்களாக அந்தப் பெட்டிகள் நடுவழியில் ஓட்டம் நின்று மயங்கி விழ ஆரம்பித்திருந்தன. மேசையில் வைத்துப் பார்த்தால் சாதுவாக ஓடும். பஸ்ஸில் ஏற்றினால் விழும்.

மேனேஜர் அவளைவிட இளையவர். கெட்டவர் இல்லை. அவசரக்காரர்.

"மேடம், பெட்டிக்குள்ள அந்த ரேடியோவை ஓட்டற டிரைவர் புரோகிராம் இருக்கே, அதைத் தலைமுழுகிடலாம். வெளியில ரெடிமேடா கிடைக்குது, வாங்கிப் போட்டுடுவோம்."

"எதுக்கு? நம்ம டிரைவர் நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருந்தா ஏன் விழுது? எழுதினவர் எழுதிட்டுப் போயிட்டாரு. நாம மாட்டிக்கிட்டு முழிக்கிறோம்."

எழுதினவர் என்றதும் அவள் காது சூடானது. "திங்கக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க."

"திங்கக்கிழமை காலையில நான் முடிவு சொல்லியாகணும். பாத்துக்கோங்க."

எழுதினவர் அவளுக்கு எதிர் சீட்டுக்காரர். பல வருடம் இருவர் மேசையும் முகத்துக்கு முகம். அவள் அவரை 'ஐயா' என்பாள், கேலியாக. அவர் 'என்னம்மா' என்பார், அதைவிடக் கேலியாக. டிரைவரின் கீழ்ப்பாதியை அவர் எழுதினார். அதைக் கூப்பிட்டு வேலை வாங்கும் மேல்பாதியை அவள் எழுதினாள். எழுதியதெல்லாம் பொதுவெளியில் கிடந்தது, யாரும் படிக்கலாம், குறை சொல்லலாம். சொல்வதற்கு ஆள்தான் இல்லை. அதனால் இவள் எழுதியதில் அவர் மூக்கை நுழைப்பார், அவர் எழுதியதில் இவள்.

சண்டை வந்தது ஜன்னல் திரையால். அவருக்கு வெளிச்சம் வேண்டும், இவளுக்குக் கண் கூசும். அவர் ஏற்றுவார், இவள் இறக்குவாள். ஒருநாள் இழுத்த இழுப்பில் கயிறு அறுந்து இவள் கையோடு வந்துவிட்டது. திரை பாதியில் கோணலாக நின்றது. "சந்தோஷமா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். இவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், அவரும் தூக்கி வைத்துக்கொண்டார். இன்றைக்குப் பேசுவோம், நாளைக்குப் பேசுவோம் என்று மாதங்கள் ஓடின. பிறகு அவர் வேறு ஊரில் வேலை கிடைத்துக் கிளம்பினார். கடைசி நாள் ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொல்லிக்கொண்டு இவள் மேசைக்கும் வந்தார். இவள் காதில் ஹெட்போன், கண் கம்ப்யூட்டர் திரையில். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஹெட்போனில் எதுவும் ஓடவில்லை.

இப்போது அவரிடமிருந்து அங்கே மிச்சம் இருப்பது அந்த டிரைவர்தான். அதையும் தலைமுழுகச் சொல்கிறார்கள்.

எங்கே கோளாறு என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. எண்ணிக்கையில். மீட்டிங் அறையைப் பல பேர் பயன்படுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகிறவர் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுகிறார், வெளியே வருகிறவர் ஒன்றைக் கழிக்கிறார். பூஜ்யம் ஆனால் விளக்கை அணைத்து அறையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். யாராவது கழிக்காமல் போனால் விளக்கு வீணாக எரியும், அதோடு போயிற்று. யாராவது ஒருவர் இரண்டு முறை கழித்துவிட்டால்தான் ஆபத்து: உள்ளே ஒருவர் உட்கார்ந்திருக்கும்போதே விளக்கு அணையும், நாற்காலியை உருவிவிடுவார்கள். பெட்டிக்குள் ரேடியோவுக்கு ஒதுக்கிய இடத்தை எத்தனை பகுதிகள் பயன்படுத்துகின்றன என்று இப்படித்தான் எண்ணிவைக்கிறார்கள். யாரோ இரண்டு முறை கழிக்கிறார்கள். யார்?

இரண்டு பாதியையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தாள். அவர் பக்கம் சரியாக இருந்தது. இவள் பக்கமும் சரியாக இருந்தது. அப்புறம்தான் தடம் பிடிக்கும் வரிகளைச் சேர்த்தாள். எண்ணிக்கை ஏறினாலும் இறங்கினாலும், யார் செய்தது என்று உடனே திரையில் எழுதும்படி. பஸ்ஸில் குலுங்குவது போல ரேடியோவின் கேபிளை ஒரு கையால் ஆட்டினாள்.

பெட்டி விழவில்லை. மதியம் வரை ஆட்டினாள். விழவே இல்லை. தட வரிகளை எடுத்துவிட்டு ஆட்டினாள். பொத்தென்று விழுந்தது.

மேனேஜருக்கு ஒரே மகிழ்ச்சி. "அதான் ட்ரேஸ் போட்டா விழலையே மேடம்! அப்படியே விட்டுருங்க, அனுப்பிடலாம்."

"ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சுல வெச்சிருக்கிற வரைக்கும் பேஷண்ட் நல்லா இருக்காருன்னா, ஸ்டெதஸ்கோப்போடவே வீட்டுக்கு அனுப்புவீங்களா?"

"அனுப்பலாம்னுதான் தோணுது," என்றார் அவர், சிரிக்காமல்.

திரையில் எழுதுவதற்குப் பிடிக்கும் நேரம்தான் வினை. எழுதி முடிப்பதற்குள் உள்ளே இருப்பவர் வேலை முடிந்து எழுந்துபோய்விடுகிறார், அதனால் நாற்காலியை உருவினாலும் அடிபட ஆள் இல்லை. இது புரிந்தபோது வெள்ளிக்கிழமை மாலை; எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

சனிக்கிழமை அலுவலகத்தில் அவள் மட்டும். காவலர் சல்யூட் அடித்துக் கதவைத் திறந்துவிட்டார். இந்த முறை திரையில் எழுதுவதை விட்டாள். யார் ஏற்றியது, யார் இறக்கியது என்பதை வெறும் எண்ணாக, பெட்டி விழுந்தாலும் அழியாத ஒரு மூலையில் போட்டுவைக்கும்படி மாற்றினாள். கண்ணிமைக்கும் நேரத்தில் பாதிகூடப் பிடிக்காது. பிறகு ஒரு கையில் கேபிள், மறு கையில் ஆறிப்போன காபி.

அந்த மாடியில் ஆள் அசைந்தால்தான் விளக்கு எரியும். கேபிளை ஆட்டும் அசைவெல்லாம் அதற்குப் போதவில்லை. யாரும் இல்லை என்று முடிவு செய்து விளக்கு அணைந்துகொள்ளும். அவள் கையைத் தூக்கி ஆட்டி, நான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு எத்தனை முறை அப்படிச் சொல்லியிருப்பாளோ.

தங்கை போன் செய்தாள். "என்னக்கா பண்றே?"

"கேபிளை ஆட்டிட்டிருக்கேன்."

"சனிக்கிழமை அதுவுமா? நல்ல பொழப்பு. இன்னைக்கு ஒரு மனுஷங்ககிட்டயாவது பேசினியா?"

"வாட்ச்மேன்கிட்ட."

"என்ன பேசினே?"

"சல்யூட் அடிச்சாரு."

"அது பேச்சாடி?" அக்காவை 'டி' போடுவது தங்கைக்குக் கோபம் வந்தால்தான். "உன்னை அடுத்த தடவை பாக்கிறப்போ நீ பேசறதையே மறந்திருப்பே."

அப்போது பெட்டி விழுந்தது.

"விழுந்துருச்சு!" என்று கர்னல் கத்தினாள். கத்தலில் விளக்கெல்லாம் ஒன்றும் எரியவில்லை. எழுந்து குதித்ததில் எரிந்தது.

"ஐயோ, என்ன விழுந்துச்சு? அடிபட்டுச்சா?"

"இல்லடி, நல்ல விஷயம். அப்புறம் பேசறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மூலையில் கிடந்த எண்களைப் பெயர்களாக மாற்றினாள். கேபிள் நழுவிய அந்த நொடியில் மூன்றே வரிகள். ஏற்றியது அவளுடைய பகுதி. இறக்கியது அவருடைய பகுதி. மறுபடி இறக்கியது அவளுடைய பகுதி.

அவருடைய வரி எப்போது சேர்ந்தது என்று பார்த்தாள். அவர் கிளம்பும் முன் கடைசி வாரம். அவளுடையது எப்போது? அதே வாரம்.

அவளுக்கு எல்லாம் விளங்கியது. அப்போது இருந்தது வேறு கோளாறு, லீக் என்பார்கள். கேபிள் நழுவினால் யாருமே எண்ணிக்கையை இறக்கவில்லை, விளக்கு வீணாக எரிந்துகொண்டிருந்தது. அதை அவரும் கண்டுபிடித்தார், இவளும் கண்டுபிடித்தாள். அவர் தன் பாதியில் திருத்தினார், இவள் தன் பாதியில் திருத்தினாள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரி. அவருடைய கீபோர்டு சத்தம் இவளுக்குக் கேட்டது, இவளுடையது அவருக்குக் கேட்டிருக்கும். 'ஐயா, அந்த லீக்கை நான் பாத்துட்டேன்' என்று ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியம் இல்லாததால் ஊரில் பஸ்ஸெல்லாம் நடுவழியில் தொலைந்துகொண்டிருந்தன.

விளக்கு அணைந்தது. அவள் கையைத் தூக்கவில்லை. கோணல் ஜன்னல் திரைக்குக் கீழே தெரிந்த கொஞ்சம் வெளிச்சம் எதிர் மேசைமேல் விழுந்தது. மேசையில் ஒன்றும் இல்லை.

இரண்டில் ஒரு வரியை எடுத்தால் போதும், பெட்டி விழாது. எதை எடுப்பது என்பதற்கும் முறை இருக்கிறது: ஏற்றியவர்தான் இறக்க வேண்டும். ஏற்றியது அவள் பகுதி. ஆக, எடுக்க வேண்டியது அவருடைய வரி.

ஆனால் அவர் அங்கே எழுதிய கடைசி வரி அது. அவள் தன் வரியை எடுத்தாள்.

கேபிளை ஆட்டிப் பார்த்தாள். விழவில்லை. நடந்ததைக் குறிப்பாக எழுதி, இருவர் பெயரையும் போட்டு, பொதுவெளிக்கு அனுப்பத் தயாரானாள். இன்னொருவர் பார்த்துச் சரி என்றால்தான் திருத்தம் உள்ளே போகும். அந்தக் கோப்பைத் தொட்டவர்கள் யார் யார் என்று பார்த்து, அனுப்பும் கருவி தானாகவே முகவரியைப் போட்டுக்கொள்ளும். போட்டுக்கொண்டது. ஒரே ஒரு முகவரி. அவளாக என்றைக்கும் தட்டியிருக்க மாட்டாள். பொத்தானை அழுத்திவிட்டு, மனம் மாறுவதற்குள் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பதில் இல்லை. கீழே மெஷினும் ஓடவில்லை. படுக்கையில் உட்கார்ந்தபடி அஞ்சலைத் திறந்து திறந்து மூடினாள். போகட்டும், அவருக்கென்ன தலையெழுத்தா, விட்டுப்போன இடத்துக் குப்பையைக் கிளறுவதற்கு? ஆனால் அவர் சரி என்று சொல்லாவிட்டால் திங்கட்கிழமை காலையில் டிரைவரே இல்லை.

திங்கட்கிழமை அவள் காவலரின் சல்யூட்டைக்கூடக் கவனிக்காமல் மேலே ஏறினாள். பதில் வந்திருந்தது. நலமா என்று இல்லை, வணக்கம் இல்லை.

"வேண்டாம்மா. ஏத்தினது உன் பகுதி, இறக்க வேண்டியதும் அதுதான். என் வரியைத் தூக்கு. இது உனக்குத் தெரியாததா? அந்த வாரம் நான் அவசரத்துல போட்டது. ட்ரேஸ் அழகா இருக்கு, அதை எடுத்துடாதே. மாத்தி அனுப்பு, காத்திருக்கேன்."

இரண்டு தரம் படித்தாள். முறைப்படி அவர் சொன்னதுதான் சரி. தன் வரியைத் திரும்ப வைத்தாள். அவருடைய வரியைத் தேர்ந்து, விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து, அழித்தாள். அனுப்பினாள். காபி கொண்டுவருவதற்குள் பதில் வந்துவிட்டது. 'பார்த்தேன், சரி' என்று ஒரு வரி, கீழே அவர் பெயர். இவள் செய்த திருத்தத்தோடு அந்தப் பெயர் இனி அங்கேயே இருக்கும்.

மேனேஜர் பெட்டியைத் தானே ஆட்டிப் பார்த்தார். கை வலித்ததும் வைத்துவிட்டார். "சரி மேடம், டிரைவர் இருக்கட்டும்."

மாலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு, தங்கையை அவளாகவே கூப்பிட்டாள்.

"என்னக்கா, அதிசயமா நீயே பேசறே?"

"இன்னைக்கு ஒரு மனுஷன்கிட்ட பேசினேன்."

"அடேங்கப்பா. யாரு?"

"எதிர் சீட்டு."

தங்கைக்குத் திரைக்கயிற்றுக் கதை முழுவதும் தெரியும். "என்ன சொன்னாரு?"

"நான் செஞ்சது தப்புன்னாரு."

"வேற?"

"மாத்தினதுக்கு அப்புறம், சரின்னாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்," என்றாள் கர்னல். விளக்கு அணைந்தது. கையைத் தூக்கி ஆட்டினாள்.