ஒரே ஜாதகம், இரண்டு உடல்

இடது அக்குள் பக்கம் ரவிக்கை உறுத்தியது. தையல்காரரைக் குறை சொன்னேன். வேறு ரவிக்கையும் அதே இடத்தில் உறுத்தியபோதுதான் விரல் வைத்துப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. தள்ளினால் நகரவில்லை.

பயாப்ஸியில் (ஊசியால் துளி சதை எடுத்துப் பார்ப்பது) மார்பகப் புற்றுநோய் என்று வந்தது.

திருவனந்தபுரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவள் நான். கடவுள் நம்பிக்கை இல்லை. ஜோசியம் என்றாலே எரிச்சல் வரும். அதற்கு என் வீட்டிலேயே ஆதாரம் இருந்தது. நானும் தங்கை உமாவும் இரட்டையர். ஒரே ராசி, ஒரே லக்னம். அவள் கணவரோடு ஆரியசாலையில் மிளகாய் வத்தல் மொத்தக்கடை நடத்துகிறாள், இரண்டு பிள்ளைகள். நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஒரே ஜாதகத்துக்கு இப்படி இரண்டு வாழ்க்கையா என்று வகுப்பில் கேட்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

விஷயம் தெரிந்த அன்றே உமா ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் ஓடினாள். ஆயுள் எண்பது தாண்டும், நடுவில் கண்டம் எதுவும் இல்லை என்றாராம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று அந்த எண்பதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன்.

மார்பை எடுத்தார்கள். கீமோவில் (புற்றணுக்களைக் கொல்லும் மருந்து) முடி போனது. பிறகு கதிர்வீச்சு. அந்த அறையில் என்னைப் படுக்க வைத்து, எல்லோரும் வெளியே போய்க் கனத்த கதவை மூடிவிடுவார்கள். பயத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கூப்பிட எனக்கு ஒரு சாமியும் இல்லை. அப்போது ஒன்றை நினைப்பேன்: அம்மாவின் வயிற்றில் நானும் உமாவும் முதலில் ஒரே கருவாக இருந்தோம், பிறகுதான் இரண்டானோம். மூச்சு மெல்லச் சீராகும். என் பக்தி அவ்வளவுதான்.

அதே நினைப்புதான் பிறகு எனக்குப் பயமானது. மரபணுப் பரிசோதனையில் (பிறவியிலேயே வந்த குறை உண்டா என்று ரத்தத்தில் பார்ப்பது) குறை இருப்பது தெரிந்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள் என்றால் தங்கைக்கும் அது இருக்கும் என்றார் டாக்டர். நோய் வந்தே தீரும் என்று சொல்ல முடியாது, ஆனால் உடனே பார்த்தாக வேண்டும் என்றார். பிறக்கும்போதே எழுதி வைத்ததைத்தானே இவரும் வாசிக்கிறார் என்று தோன்றியது. ஆனால் இவர் தெரியாததைத் தெரியாது என்று சொன்னார்.

மாமோகிராமுக்கு (மார்பக எக்ஸ்ரே) உமா பிடிகொடுக்கவில்லை. கடையில் ஆள் இல்லை என்றாள், மகளுக்குப் பரீட்சை என்றாள், எனக்குக் கண்டம் இல்லை என்றாள். கடைசியில் கடைக்கே போனேன். வத்தல் நெடியில் இருமிக்கொண்டே, கண்டம் இல்லாத அதே ஜாதகம்தானே எனக்கும், எனக்கு வந்துவிட்டதே என்று கேட்டேன். வகுப்பில் எப்போதும் ஜெயிக்கிற வாதம்.

சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அது எனக்குத் தெரியாதாக்கும்? நான் டெஸ்டுக்கு வந்தா ஜாதகம் பொய்யின்னு ஆயிடும் அல்லே. அப்புறம் நீ எம்பது வரைக்கும் இருப்பேன்னு எனக்கு ஆரு சொல்லுவா, அக்கா?"

அவள் பக்கத்தில் இருந்த சாக்கின்மேல் உட்கார்ந்தேன்.

"ஆரும் சொல்ல மாட்டா டீ. எனக்கும் பயந்தான். ஒன்ன விட்டா எனக்கு ஆரு உண்டு? வா."

வியாழக்கிழமை வந்தாள். ராகுகாலம் கழிந்து உள்ளே போகிறேன் என்றாள். நானும் கூடவே காத்திருந்தேன்.

அவள் உள்ளே போனதும் கதவு மூடியது. அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். எடுத்துவிட்ட என் இடது மார்பு வலித்தது. அறுபட்ட நரம்பு அப்படித்தான் செய்யும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆனாலும் அவள் வெளியே வரும்வரை அது விடவில்லை.

அவளுக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். எண்பதைப் பற்றி இப்போது எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆறு மாதம், அது நல்லபடி போனால் இன்னொரு ஆறு மாதம். இதைப் படிப்பவருக்கு அக்கா தங்கை இருந்தால், தயவுசெய்து அவர்களிடம் சொல்லுங்கள். கேட்க மாட்டார்கள். திரும்பச் சொல்லுங்கள்.

தினமும் குளிக்கும்போது தழும்பைத் தடவிப் பார்க்கிறேன். பிறகு உமாவுக்கு போன் செய்து, தொட்டுப் பார்த்தாயா என்று கேட்கிறேன். பார்த்தேன், ஒன்றும் இல்லை என்று அவள் சொன்ன பிறகுதான் தலையைத் துவட்டுகிறேன்.