சாலம்மாளின் பேர் வைத்த இலை

நல்லம்பள்ளியில் தனியாகக் குடியிருக்கும் சாலம்மாள், கல்லில் பதிந்த பழங்கால இலைகளோடே காலத்தைத் தள்ளிய தாவரவியல் பேராசிரியை. கல்யாணம் காட்சி என்று எதுவும் அமையவில்லை. ஓய்வுபெற்ற வருடம், உடன் வேலை பார்த்த மாதவராஜ் கல்லில் புதுச் செடி இனம் ஒன்றைக் கண்டுபிடித்ததாக அறிவித்து, அந்தச் செடிக்குச் சாலம்மாள் பேரையே வைத்தார்.

இப்போது வேறொரு குழு, அது ஏற்கெனவே பேர் வைத்த செடிதான் என்று மல்லுக்கு நின்றது. இலைத்தோலைப் படிக்கத் தெரிந்தவர் சாலம்மாள்தான் என்று இரண்டு தரப்பும் அவரிடமே கருத்துக் கேட்டன. இலையின் வடிவம் ஆளை ஏமாற்றும். தோலில் உள்ள மூச்சுத்துளைகளைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நுண்ணோக்கியில் பார்த்தார். சந்தேகமே இல்லை, பழைய செடிதான். முதலில் வைத்த பேர்தான் செல்லும் என்பது அவர்கள் துறையின் சட்டம். அப்படியே எழுதி அனுப்பினார்.

மாதவராஜ் போனில் பொங்கினார். "உங்க பேரே போயிடுச்சுங்களே, மேடம்!"

"அதுக்காக இல்லாத செடியை இருக்குதுன்னு சொல்லச் சொல்றீங்களா?" என்று சாலம்மாள் வெடுக்கென்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

அப்புறம்தான் உறைத்தது. பால்காரருக்கு அவர் டீச்சரம்மா, பக்கத்து வூட்டுக்கு மாடிவூட்டம்மா. சாலம்மாள் என்று கூப்பிட்டவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தப் பேரைச் சொல்ல மிச்சமிருந்தது அந்த இலை ஒன்றுதான்.