சீசன் சொந்தங்கள்

எனக்கு ஒன்பது வயது முடிவதற்குள் நாற்பது மாமாக்கள் இருந்தார்கள். அத்தைகளும் ஏறக்குறைய அதே எண்ணிக்கைதான். அத்தனை பேரும் ஆனி பிறந்ததும் வருவார்கள், ஆவணி பிறப்பதற்குள் காணாமல் போய்விடுவார்கள். யாருக்கும் என் பெயர் சரியாகத் தெரியாது, எனக்கும் அவர்கள் ஊர் தெரியாது. மறு வருடம் வேறு மாமாக்கள் வருவார்கள்.

குற்றாலத்தில் சீசனுக்கு மாடியை வாடகைக்கு விடுகிற வீட்டில் பிறந்தால் இப்படித்தான். சாரல் விழ ஆரம்பித்து, அருவியில் தண்ணீர் கொட்டுவதை டி.வி.யில் காட்டிவிட்டால் போதும், லாட்ஜுகள் நிரம்பிவிடும். மிச்சம் இருப்பவர்கள் ஈரத் துண்டோடு தெருத்தெருவாக ரூம் கேட்டு வருவார்கள். எங்கள் தெருவில் மாடி வைத்த வீடுகள் பதினொன்று. பதினொன்றும் விட்டன. என் அப்பா பட்டாளத்தில் இருந்தார். வருடத்துக்கு ஒரு முறை வருவார், அதுவும் பெரும்பாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத பங்குனியில். வீட்டைப் பார்த்துக்கொண்டது அம்மாதான். மாடி எழுப்பியதே சீசனை நம்பித்தான்.

அந்த நம்பிக்கையில் ஒரு சட்டம் வந்து விழுந்தது. புதிதாக வந்ததா, பீரோவில் கிடந்ததை யாரோ தூசி தட்டி எடுத்தார்களா, தெரியாது. குடியிருப்பு என்று வரி கட்டுகிற வீட்டை நாள் வாடகைக்கு விடக் கூடாது. விடுவதென்றால் விடுதி என்று பதிவு செய்து உரிமம் வாங்க வேண்டும். உரிமத்துக்கு வண்டி நிறுத்த இடம், தீயணைப்புச் சான்று, மாடிக்குத் தனி வழி, அனுமதி பெற்ற வரைபடம் என்று ஒரு பட்டியல் உண்டு. எங்கள் தெருவில் ஒரு ஆட்டோ நுழைந்தால், எதிரே வரும் சைக்கிள் யார் வீட்டு வாசலிலாவது ஏறி நின்றுதான் வழி விட வேண்டும். அந்த ஒரு ஆட்டோதான் மைக் கட்டிக்கொண்டு வந்து, மீறுகிறவர்களின் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும், மாடி பூட்டி சீல் வைக்கப்படும் என்று அறிவித்துவிட்டு, திரும்ப வழியில்லாமல் பின்பக்கமாகவே வெளியே போனது.

சும்மா மிரட்டல் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் எனக்கு எட்டு வயதான சீசனில் எதிர்வீட்டு மதினிக்கு நிஜமாகவே குழாயை அடைத்துவிட்டார்கள். ஊர் முழுக்கத் தண்ணீர் கொட்டுகிற ஆடி மாதத்தில், இரண்டு கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த மதினி தெருமுனைக் குழாயில் குடத்தோடு வரிசையில் நின்றாள். அன்றிலிருந்து அரசாங்க பைக் சத்தம் கேட்டாலே அம்மா வாசலுக்கு ஓடிவந்து எட்டிப் பார்ப்பாள்.

ஆனால் எந்தச் சட்டத்திலும் ஒரு சந்து இருக்கும். சொந்தக்காரர்கள் வந்து தங்கினால் யாரும் ஒன்றும் கேட்க முடியாது. அதனால் எங்கள் தெரு முழுவதும் சொந்தக்காரர்கள் பெருகினார்கள். வருகிறவர்கள் பையை இறக்கி வைக்கும் முன்பே அம்மா பாடம் எடுத்துவிடுவாள்.

“யாரும் கேட்டா நீங்க எனக்கு அண்ணன். ஒரே அண்ணன். ஊரு சுந்தரபாண்டியபுரம். சூரியகாந்தி போட்டிருக்கோம்னு சொல்லுங்க. பூச்சி உண்டான்னு கேட்டா, இந்த வருசம் இல்லைன்னு சொல்லுங்க.”

ஒப்பிக்க வைப்பது என் வேலை. சென்னையிலிருந்து வந்த ஒருவர், சூரியகாந்தி மரத்தில் ஏறித்தான் பூப் பறிப்பீர்களா என்று என்னிடம் கேட்டார். அவரை அண்ணன் பதவியிலிருந்து இறக்கி, தூரத்துச் சொந்தமாக்கி, வெளியே தலைகாட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். எனக்கு இதெல்லாம் பெரிய விளையாட்டு. அந்த அண்ணன் என்பவரே சோதனைக்கு வரும் பேரூராட்சி ஆபீசருக்காக அம்மா கட்டிவிட்ட ஆள் என்றுதான் நினைத்திருந்தேன். அண்ணனுக்குக் காரம் ஆகாது, அண்ணன் நெற்றியில் மாடு முட்டிய தழும்பு உண்டு, அதை முடியால் மறைத்திருப்பார் என்று, யாரும் கேட்காத விவரங்களைக்கூட அம்மா சொல்லிக்கொண்டிருப்பாள். எவ்வளவு யோசித்துக் கதை கட்டியிருக்கிறாள் என்று எனக்கு அவள்மேல் பெருமையாக இருக்கும்.

மறு சீசனில் ஒரு நாள், மழை என்று பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். மாடியில் சிவகாசிக்காரர் ஒருவர் மனைவி மக்களோடு தங்கியிருந்தார். காலையிலேயே ஆள் வைத்து உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு, இடுப்பில் துண்டோடு, அருவிக்குப் போகுமுன் எண்ணெய் ஊறட்டும் என்று கீழே எங்கள் முன்னறையில் நின்றிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தால் எண்ணெய் ஒட்டும் என்று உட்காராமல் நின்ற நல்ல மனிதர். அப்போதுதான் வாசலில் பைக் நின்றது.

ஆபீசர் மழைக்கோட்டைக் கழற்றி ஜன்னலில் போட்டார். ஃபைலை பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்தார். அம்மா காப்பி கொண்டுவந்தாள். இவர் யார் என்று ஆபீசர் கேட்டார். எங்க அண்ணன் சார், ஒரே அண்ணன், என்றாள் அம்மா. சிவகாசிக்காரர் சுந்தரபாண்டியபுரத்தையும் சூரியகாந்தியையும் தடங்கல் இல்லாமல் சொன்னார். பூச்சி உண்டா என்று ஆபீசர் கேட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த வருசம் இல்லைங்க சார்!

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். “பாப்பா, இது யாரு, சொல்லு பாப்போம்.”

“எங்க மாமா. போன தீவாளிக்கு எனக்குப் பட்டுப்பாவாடை எடுத்துத் தந்தாவ” என்றேன். பாவாடையை நானாகச் சேர்த்தேன். கேட்டதற்கு மேல் ஒன்று சேர்த்துச் சொன்னால்தான் நம்புவார்கள் என்பதை அம்மாவிடமே கற்றிருந்தேன்.

ஆபீசர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் தங்கச்சி சாடை அப்படியே இருக்கே என்று சொல்லிவிட்டு, நோட்டில் எழுதத் தொடங்கினார். அம்மாவின் முகம் தெளிந்தது.

அந்த நேரம் பார்த்து வாசல் கேட் கிறீச்சிட்டது. நான்தான் முதலில் ஓடினேன். வேட்டி முழங்கால் வரை நனைந்து, குடையில்லாமல் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒயர்க்கூடை. அதில் வாழைப்பழமும் வெற்றிலையும் பூவும் மேலாகத் தெரிந்தன. ரூம் தேடி வருகிறவர் யாரும் வெற்றிலையும் பூவும் கொண்டுவர மாட்டார்கள். அது எனக்கு உறைக்கவில்லை. நான் பழக்கப்பட்டிருந்த வாக்கியத்தைச் சொன்னேன்: “ரூம் கிடையாது சார். இது வீடு.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அம்மா இருக்காளா என்று கேட்டார். உள்ளேயிருந்து ஆபீசர், யாரும்மா அது என்று குரல் கொடுத்தார். அம்மா வாசல்நிலைக்கு வந்தாள்.

வந்தவர் அம்மாவின் அண்ணன். சுந்தரபாண்டியபுரத்து அண்ணன், உண்மையிலேயே ஒரே அண்ணன். தாத்தா வயலைப் பங்கு வைத்தபோது அம்மா தன் பங்கை விற்று இந்த வீட்டைக் கட்டினாள். வயலை வெளியாளுக்கு விற்கக் கூடாது என்றார் அவர். வாய் தடித்து, அன்றைக்கு நின்ற பேச்சு பத்து வருடம் ஆகியும் திரும்பவில்லை. இப்போது தன் மகள் கல்யாணத்துக்கு, போனில் சொல்லாமல், ஆள்விட்டு அழைக்காமல், தானே வெற்றிலை பாக்கு வைத்துத் தங்கச்சியை அழைக்க வந்திருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரிய இன்னும் ஆறு வருடம் இருந்தது. அப்போது சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு துக்க வீட்டுக்கு அம்மா என்னை அழைத்துப் போனாள். அங்கே மாலை போட்ட படத்தில், நெற்றித் தழும்போடு அந்த முகத்தைப் பார்த்தேன்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா அந்த ஒயர்க்கூடையையே பார்த்தாள் என்பதுதான். அவளுக்குப் பின்னால் ஆபீசரின் பேனா காத்திருந்தது. ஒரே அண்ணன் ஏற்கெனவே எண்ணெய் வடிய உள்ளே நின்றுகொண்டிருந்தார்.

“தெரியலை சார்” என்றாள் அம்மா. “ரூம் கேட்டு வந்திருக்காவ போல.”

ஆபீசர் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். வெளியூர்க்காரருக்குச் சட்டத்தை விளக்கும் வாய்ப்பு அவருக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. “அண்ணாச்சி, இது குடியிருக்க வீடு. அந்தம்மாவுக்கு அவுக அண்ணன் வந்திருக்காரு, அதனால தங்கியிருக்காரு. சொந்தக்காரங்க மட்டுந்தான் இங்கன தங்கலாம். நீங்க லைசென்ஸ் உள்ள லாட்ஜாப் பாத்துப் போங்க.”

அவர் உள்ளே நின்ற துண்டுக்காரரைப் பார்த்தார். ஆபீசரின் நோட்டைப் பார்த்தார். கடைசியாகத்தான் அம்மாவைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது. விளங்கியதால்தான் காட்டிக்கொடுக்கவில்லை.

“அண்ணன் வந்திருக்காகளா, சந்தோசம்” என்றார். “ரூம் கேட்டுத்தான் வந்தேன். தெரியாம நுழைஞ்சிட்டேன் தாயி, மன்னிச்சிருங்க.”

கேட்டை அவரே மெதுவாகச் சாத்தினார். ஆபீசர் 'உறவினர்' என்று எழுதி, காப்பியைக் குடித்து முடித்து, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். சிவகாசிக்காரர் என் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டு அருவிக்குப் போனார். நாங்கள் ஜெயித்துவிட்டோம்! நான் குதிக்காத குறைதான்.

அம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். ஆபீசரின் பைக் இன்னும் எங்கள் வாசலில் நின்றதால் அவளால் தெருவில் இறங்கி ஓட முடியாது. “ஏட்டி, ஓடு. அவுக பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போயிருப்பாவ. அம்மா கூப்பிடுதான்னு சொல்லிக் கையோட கூட்டிட்டு வா. விட்டுறாத, ஓடு.”

நான் ஓடினேன். சாரலில், பழக்கடை, சிப்ஸ் கடை, துண்டுக் கடை எல்லாவற்றையும் தாண்டி, குளித்துவிட்டு வருகிற கூட்டத்துக்குள் புகுந்து ஓடினேன். ஓடும்போதே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஆபீசர் எழுதி முடித்துவிட்டார், இனிப் பயமில்லை. கீழே எங்கள் பின்னறை சும்மாதான் கிடக்கிறது. அதை இவருக்கு விட்டுவிடலாம் என்று அம்மா நினைத்திருக்கிறாள். மழையில் நனைந்து வந்த வாடிக்கையாளரை யாராவது விடுவார்களா?

தென்காசி பஸ் நிற்கிற இடத்தில், கூரைக்கு வெளியே, நனைந்துகொண்டே நின்றிருந்தார். எனக்கு மூச்சு வாங்கியது. யாரைக் கண்டாலும் மாமா என்று கூப்பிட்டுப் பழகிய எனக்கு, இன்னும் பாடம் எடுக்காத ஆளை அப்படிக் கூப்பிடத் தோன்றவில்லை.

“சார், சார்! அம்மா கூப்பிடுதா. ஆபீசர் அடுத்த வீட்டுக்குப் போயிட்டாரு. ரூம் இருக்காம், வாங்க.”

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். முகத்தில் ஓடிய மழையைத் துடைக்கவில்லை. “உன் பேரு என்னம்மா?” என்றார்.

சொன்னேன். அம்மாவைப் பெற்ற ஆச்சியின் பெயர் அது. அவரைப் பெற்றவளின் பெயரும் அதுதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? பெயரைக் கேட்டதும் அவர் பஸ் வரும் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். பிறகு கூடையிலிருந்து இரண்டு பழங்களைப் பிய்த்து என் கையில் வைத்தார்.

“ரூம் கிடைச்சிட்டுன்னு உங்க அம்மாட்ட சொல்லு.”

தென்காசி பஸ் வந்தது. கூடையை மார்போடு அணைத்தபடி ஏறிக்கொண்டார். அம்மாவே ரூம் தருவதாகச் சொல்லியனுப்பினாள் என்று நினைத்தாரா, பிள்ளை உளறுகிறது என்று நினைத்தாரா என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். என் வாயிலிருந்து ரூம் என்ற அந்த ஒரு சொல் வராமல் இருந்திருந்தால் அவர் திரும்பி நடந்திருப்பார் என்று சில நாள் உறுதியாகத் தோன்றும். அன்று இரண்டு பழங்களையும் வழியிலேயே தின்றுவிட்டேன்.

ஆபீசரின் பைக் போயிருந்தது. அம்மா கேட்டைத் திறந்து வைத்து, தெருவையே பார்த்து நின்றாள். என் பின்னால் யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகும் என் தலைக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னட்டி, கூப்பிட்டியா?”

“கூப்பிட்டேன். அம்மா கூப்பிடுதான்னு சொன்னேன்.”

“என்ன சொன்னாவ?”

“ரூம் கிடைச்சிட்டாம்.”

நான் அவரிடம் ரூம் இருக்கிறது என்று சொன்னதை அம்மாவிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. பிற்பாடு, சொல்ல வேண்டியது என்று தெரிந்த வயதில், எனக்குத் தைரியம் வரவில்லை. இன்று வரை சொல்லவில்லை.

அம்மா வாசல்படியில், ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். குழாய் பிழைத்தது, மாடி பிழைத்தது, ஆபீசர் நோட்டில் எழுதிவிட்டுப் போனார். இதற்குமேல் என்ன வேண்டும்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பெரிய மனுஷி மாதிரி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

“விடும்மா” என்றேன். “சீசன் முடிய இன்னும் ஒரு மாசம் இருக்கு. இவுக போனா வேற ஆளு வருவாவ.”